விட்டில் என்ற சொல்லுக்கு ஆறு கால்

வாளையார் சோதனைச்சாவடியில்
இப்போது எதையும் சோதிப்பதில்லை.
வரி போனபின் கம்பம் மட்டும் நிற்கிறது,
உச்சியில் ஒரு வெள்ளை விளக்கோடு.
அதன் கீழே கொடி கட்டி
எட்டுமுழ வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டு
நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறோம்.
கணவாய்க் காற்று வேட்டியை உதறுகிறது.
லாரிகள் ஹாரனில் திட்டிவிட்டுப் போகின்றன.

என்னுடையது தமிழ்த்துறை.
மூன்றாம் இயல், நூற்றுப் பதினோராம் பக்கம்:
"விட்டில், விளக்கின்மேல் காதல்கொண்டு மாயும் பூச்சி."
எந்தப் பூச்சி? என்று ஓரத்தில்
சிவப்பு மையில் கேட்டிருந்தார் நெறியாளர்.
ஓர் அகராதி அந்துப்பூச்சி என்றது.
ஒன்று வெட்டுக்கிளி என்று சாதித்தது.
மூன்றாவது,
'ஒரு வகைப் பூச்சி' என்று சொல்லி
நழுவிக்கொண்டது.

விலங்கியல் ஜெஸ்ஸம்மா சிரித்தாள்.
"விட்டிலா? எங்க பக்கம் அது வயல்ல சாடும்."
இரண்டு விரலால் என் முழங்கையில்
துள்ளிக் காட்டினாள்.
ஆக, இந்தக் கம்பத்தைத் தாண்டி
நூறடி மேற்கே போனால்
என் பூச்சி விளக்கை விட்டிறங்கிப்
புல் தின்னத் தொடங்கிவிடுகிறது.

ஷாஜிதா வேதியியல்.
பெண் அந்து ஒன்றைக் குப்பியில் வைத்து
அதன் மணத்தை இழையில் வாங்கி
எந்திரத்துக்குக் கொடுத்தவள்.
தாள் நெடுக வெறுங்கோடு,
ஓரிடத்தில் மட்டும் ஊசிபோல் எழும்பியிருந்தது.
"காதல்னு நீ எழுதினது இதைத்தான்.
கஞ்சிக்கோட்டிலிருந்து ஆண் கிளம்பி வரும்.
விளக்குக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

சுகுணன் அதற்குள் எண்ணி முடித்திருந்தான்:
பழைய மஞ்சள் விளக்கில் பதினேழு,
இந்த வெள்ளையில் இருநூற்று நாற்பது.
மடிக்கணினியில் ஒரு நொடியை
நாற்பது நொடியாக இழுத்து ஓட்டினான்.

பூச்சி வந்தது.
விளக்கை நோக்கி அல்ல.
விளக்குக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்தது,
சாய்ந்தபடியே சுற்றியது,
தலைகீழாகி விழுந்தது.
"வெளிச்சம் இருக்கிற பக்கம் மேலே.
அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.
வானத்துக்கு முதுகு காட்டினா நேராப் பறக்கலாம்.
இங்க வானம் இருபதடி உயரத்துல
கம்பத்துல தொங்குது."

என் இயலில் எரிந்துகொண்டிருந்த
அத்தனை காதலரும் எழுந்து
சாம்பலைத் தட்டிவிட்டு
வேறு வேலை பார்க்கப் போனார்கள்.
காப்பி ஆறிவிட்டது.

முட்டை லாரியை ஓரங்கட்டி
சங்ககிரி பொன்னுரங்கம் இறங்கினார்.
"என்ன புடிக்கிறீங்க?"
சொன்னோம்.
"எனக்கு இதெல்லாம் கண்ணாடில ஒட்டற பிசினு.
துடைக்கத் துடைக்க வரும்."
ஜெஸ்ஸம்மா ஓடிப்போய்
அவர் கண்ணாடியைச் சுரண்டினாள். ஏழு இனம்.
அவர் நின்று பார்த்தார்.
பிறகு யாரையும் பாராமல் சொன்னார்:
"மழை நின்ன ராத்திரி ரோடு பூரா லைட்டு.
கீழயும் லைட்டு. ஒரு நொடி
எது மேலன்னு எனக்கே தெரியாதுங்க."
வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சுகுணன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.
நான் குறித்துக்கொண்டேன்,
எந்த இயலில் வைப்பதென்று தெரியாமல்.

மூன்றரை மணிக்கு ஜெஸ்ஸம்மா
தன் அட்டவணையை என் மடியில் போட்டாள்.
லத்தீன் பெயர்கள் நிரம்பிவிட்டன.
அதற்கடுத்த கட்டம் 'வட்டாரப் பெயர்',
மேலிருந்து கீழ்வரை வெள்ளை.
"இதுக்கு உங்க பேர் என்ன?"
பச்சை விளிம்பு, தூசி நிறம்,
இறக்கையில் கண்ணைப் போல் ஒரு வட்டம்.
"இதுக்கு?"
நூல்போன்ற மீசை. மாவு உதிரும் தோள்.
"இதுக்கு?"

ஒரு பெயருக்குப் பூச்சி தேடி வந்தவள்,
இருநூற்று நாற்பது பூச்சிக்கு
ஒரு பெயரோடு உட்கார்ந்திருக்கிறேன்.
பேனாவைத் திறந்தேன்.
முதல் கட்டத்தில் எழுதினேன்,
சின்ன எழுத்தில்:
ஒரு வகைப் பூச்சி.